மாற்றுத்திறனாளி ஆவதற்கு எத்தனை மார்க் வேண்டும்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது முழுசாகப் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வர வேண்டாம். கடைசி வரை படித்துவிட்டு வந்தால் தாராளமாகச் சண்டை போடலாம்.

போன வாரம் எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. "கை கால் நல்லா இருக்கிறவனெல்லாம் ஊனமுற்றோர் சர்டிபிகேட் வாங்கி மாசாமாசம் அரசாங்கப் பணத்தைத் தின்கிறான்" என்று. அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டும் படங்கள். கைதட்டிய அத்தனை பேரும் மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் ஓய்வூதியம் வந்து விழுகிறவர்கள். நானும் அப்படித்தான். குழுவில் அரசியல் பேசக்கூடாது என்று விதி இருப்பதால் அங்கே எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அந்தப் படத்தைப் போட்டவர்களில் எத்தனை பேர் ஒரு மாற்றுத்திறனாளி முகாமில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள்? நான் மூன்று முறை உட்கார்ந்தேன். எனக்காக இல்லை. என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒருவனுக்காக. இப்போது அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. வாய்ப்பழக்கம், அவன் என்றே எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அடிபட்டு முடங்கிய மனிதனுக்கு உதவி உண்டா இல்லையா என்று முடிவு செய்கிற முறை அவனுடைய எலும்பை அளக்கிறது. அவன் காலையில் எழுந்து இரவு படுக்கும் வரை என்ன பாடு படுகிறான் என்பதை அளப்பதில்லை. சட்டம் ஒன்று சொல்கிறது, முகாம் மேஜையில் நடப்பது வேறு ஒன்று.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எதையும் குறை சொல்கிற கிழவன் என்று பெயர் வேண்டாம். 2008-ல் தமிழ்நாட்டில் 108 வந்தது. 2021 டிசம்பரில் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" வந்தது. சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. தனியார் மருத்துவமனையிலும் உண்டு. எத்தனையோ குடும்பங்களுக்கு அது உயிர்ப்பிச்சை. யார் கொண்டுவந்தாலும் கையெடுத்துக் கும்பிடலாம்.

என் கேள்வி நாற்பத்தொன்பதாவது மணி நேரத்தைப் பற்றியது. உயிர் பிழைத்துவிட்டது. தையல் பிரித்தாகிவிட்டது. டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்கிறது. வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து நாலு பேர் தூக்கி இறக்குகிறார்கள். அந்த நிமிஷத்திலிருந்து அந்த மனிதன் யாருடைய பொறுப்பு?

என் மாணவன் கொத்தனார். மூன்றாவது மாடி வெளிப்பூச்சு வேலை. சாரக்கட்டு சரிந்து குதிகால் குத்த விழுந்தான். வலது குதிகால் எலும்பு நொறுங்கியது. விழுந்த வேகத்தில் இடுப்புப் பக்கம் முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கிவிட்டது. உயரத்திலிருந்து விழுகிறவர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்தே வரும் என்று மருத்துவர் சொன்னார். அரசு மருத்துவமனையில் காசு வாங்காமல் அறுவை செய்தார்கள், கம்பி வைத்தார்கள். நன்றாகவே பார்த்தார்கள்.

இப்போது அவன் ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடப்பான். பார்க்கிறவர்களுக்கு "பரவாயில்லையே, நடக்கிறானே" என்று தோன்றும். அரை மணி நேரத்துக்கு மேல் நாற்காலியில் உட்கார முடியாது. தரையில் உட்காரவே முடியாது. குத்துக்காலிட முடியாது. அவர்கள் வீட்டில் இருப்பது தரையோடு பதித்த கழிப்பறை. ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. குனிந்து செருப்பு மாட்ட முடியாது. சாரத்தில் ஏறுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

முகாமுக்குப் போனோம். காலை ஆறரைக்கு டோக்கன். பிளாஸ்டிக் நாற்காலி, மேலே தகரம். படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவரை இரண்டு பேர் நடுவில் உட்கார வைத்து பைக்கில் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது மணி ஒன்று. மருத்துவர் நல்ல மனிதர், கோபப்படாதவர். எக்ஸ்ரேயைப் பார்த்தார். கணுக்காலை அசைக்கச் சொல்லி கோணம் அளந்தார். விரலால் அழுத்தி பலம் பார்த்தார். எழுதினார். நாலு நிமிஷம் இருக்கும். அவர் முதுகுக்குப் பின்னால் இன்னும் நூறு பேர் நின்றார்கள். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சான்றில் வந்தது 35 சதவீதம்.

நாற்பது வருஷம் மார்க் போட்டவன் நான். 35 என்றால் எங்கள் ஊரில் பாஸ். இங்கே அது ஃபெயில். உதவி கிடைக்க வேண்டுமென்றால் குறைந்தது 40 வாங்கியிருக்க வேண்டும். வெளியே வந்ததும் அவன் மனைவி என்னிடம் கேட்டாள்: "சார், கோணமெல்லாம் அளந்தாங்க. ராத்திரி ஒண்ணுக்குப் போக இவரை நான்தான் தூக்கி நிறுத்தணும். அதை யாரு சார் அளப்பாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் சட்டத்தையும் விதிகளையும் எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்கத்தான் எனக்குக் கோபம் கூடியது. காரணம், பதில் அங்கேயே எழுதியிருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 வகை. இதில் 21 வகை. இந்தச் சட்டம் மாற்றுத்திறனாளி என்று யாரைச் சொல்கிறது? நீண்டகால உடல், மனக் குறைபாடு உள்ளவர், அந்தக் குறைபாடு வெளியே இருக்கும் தடைகளோடு சேரும்போது மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் பங்கெடுக்க முடியாமல் போகிறவர். அதாவது கால் மட்டும் கணக்கில்லை. காலும் படிக்கட்டும் சேர்ந்துதான் கணக்கு. முதுகும் தரையோடு பதித்த கழிப்பறையும் சேர்ந்துதான் கணக்கு. எவ்வளவு சரியான வரையறை!

அடுத்த வேலையாக அதே சட்டம் 40 சதவீதம் என்று ஒரு கோடு கிழிக்கிறது. அந்தக் கோட்டுக்கு மேலே திட்டங்கள் தனித்தனியாகக் கோடு கிழிக்கின்றன. தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கான மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு 75 சதவீதம். மத்திய அரசின் இந்திரா காந்தி பெயரிலான மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 80 சதவீதம், அதோடு வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். மத்திய அரசின் வழிகாட்டியில், முழங்காலுக்குக் கீழே காலின் அடிப்பகுதியில் துண்டிக்கப்பட்டால் 60 சதவீதம். ஒரு காலே இல்லை. ஆனால் 75-க்கும் 80-க்கும் அவர் "தேறவில்லை". கால் இழந்த ஒரு பஸ் கிளீனருக்கும், கால் இழந்த ஒரு கணக்கு அலுவலருக்கும் அதே 60. ஒருவருக்கு மேஜை இருக்கிறது. இன்னொருவருக்கு வேலையே போய்விட்டது. தாளில் இருவரும் ஒன்று.

சரி, என் மாணவனின் மனைவி கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த வழிகாட்டி 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது, 2024 மார்ச்சில் திருத்தப்பட்டது. கால் பாதிப்பை அளக்கும் பகுதியில் மூட்டு அசைவும் தசை பலமும் மட்டும் இல்லை. சமதரையில் நடப்பது, சரிவில் நடப்பது, படி ஏறுவது, இரண்டு காலில் நிற்பது, பாதித்த காலில் மட்டும் நிற்பது, தரையில் குத்துக்காலிடுவது, மண்டியிடுவது, சம்மணம் போடுவது, திரும்புவது என்று ஒன்பது செயல்கள். ஒவ்வொன்றுக்கும் 10. கை பாதிப்புக்குப் பத்துச் செயல்கள். அதில் நம்மைப் போல் கையால் பிசைந்து சாப்பிடுவது, தலை வாரிப் பின்னுவது, பொத்தான் போடுவது, வேட்டி கட்டுவது, தண்ணீர் குடிப்பது, கழுவிக்கொள்வது வரை இருக்கிறது. இதை எழுதியவர் நம் வீடுகளை அறிந்தவர்.

ஆக, கேள்வித்தாளில் கேள்வி இருக்கிறது. நூறு பேர் வரிசையில் நிற்கும்போது அது கேட்கப்படவில்லை. பத்துக் கேள்வி உள்ள தாளில் மூன்றைக் கேட்டுவிட்டு மாணவனை ஃபெயில் போட்டால் நாம் விடுவோமா? கல்வி அலுவலகம் வரை போக மாட்டோமா?

நாங்கள் போனோம். சட்டத்தின் 59-ஆவது பிரிவு மேல்முறையீட்டுக்கு இடம் தருகிறது. நானே மனு எழுதினேன். குத்துக்காலிடுதல், மண்டியிடுதல், சம்மணம், படி, சரிவு ஆகியவை சோதிக்கப்படவில்லை, சோதித்து மதிப்பிட வேண்டுகிறேன் என்று ஒரே பக்கம். ஐந்து மாதம் கழித்து மறு பரிசோதனை. இந்த முறை உட்காரச் சொன்னார்கள், முடியவில்லை. படி ஏறச் சொன்னார்கள், மூன்றாவது படியில் நின்றான். சான்று 48 சதவீதம். அதே கால், அதே முதுகு. பதிமூன்று மார்க் எங்கிருந்து வந்தது? சரியான கேள்வியைக் கேட்டதால் வந்தது.

எழுதத் தெரிந்த ஒரு வாத்தியார் பக்கத்தில் இருந்ததால் அவனுக்கு 48. அன்று அதே தகரக் கொட்டகையில் நின்ற மற்றவர்களுக்கு யார் இருந்தார்கள்? என்னைத் தூங்கவிடாத கேள்வி அதுதான்.

முதுகெலும்பு விஷயம் இன்னும் மோசம். கைக்கும் காலுக்கும் செயல் பட்டியலாவது இருக்கிறது. முதுகெலும்பு முறிவுக்கு எலும்பு எவ்வளவு நசுங்கியது, நரம்பு போனதா என்பதே முக்கியக் கணக்கு. தலையில் அடிபட்டவர்கள் கதை தனி. வெளியே பார்த்தால் கை கால் அசையும், பேசுவார். அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுவார், வீட்டுக்கு வழி தெரியாது, காரணமில்லாமல் கோபம் வரும். 21 வகைப் பட்டியலில் தலைக்காயம் என்று ஒரு பெயர் கிடையாது. ஏதாவது ஒரு வகைக்குள் நுழைத்துத்தான் சான்று வாங்க வேண்டும். மாறாத வலி? அதற்கு எந்தக் கோணமானி வைப்பது?

இப்படிக் கேட்டால் "சதவீதம் இல்லாமல் வேறு எப்படி சார் அளப்பது?" என்பார்கள். இரண்டு பதில் சொல்கிறேன்.

ஒன்று, நம் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு, 1975-ல் வந்த தீர்ப்பு. ஒரு தச்சர் வேலை செய்யும்போது விழுந்து இடது கையை முழங்கைக்கு மேலே இழந்தார். முதலாளி தரப்பு, ஒரு கை போனால் பகுதி இழப்புதான், முழு இழப்பு ஆகாது என்று வாதிட்டது. ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அது முழுமையான இழப்புதான் என்றது நீதிமன்றம். 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கிலும் அதே திசையில், மருத்துவர் எழுதும் உடல் ஊன சதவீதமும் சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பும் ஒன்றல்ல, அந்த மனிதன் என்ன வேலை செய்தான், இனி எதைச் செய்ய முடியும் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதினார்கள். விபத்து இழப்பீட்டு வழக்குகளில் அரை நூற்றாண்டாக ஒப்புக்கொண்ட நியாயம் இது. மாதம் 1500 ரூபாய் உதவிக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போகிறது?

இரண்டாவது, நம் மருத்துவமனைகளிலேயே இருக்கும் பதில். பிசியோதெரபி பிரிவில் கேட்டுப் பாருங்கள், பார்த்தெல் அளவுகோல் என்று சொல்வார்கள். 1965-ல் அமெரிக்காவில் வெளியானது. பத்தே கேள்விகள். சாப்பிடுவது, குளிப்பது, முகம் கழுவித் தலை வாருவது, உடுத்துவது, மலம் அடக்குவது, சிறுநீர் அடக்குவது, கழிப்பறை போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படி ஏறுவது. மொத்தம் 100 மார்க். தானாகச் செய்கிறாரா, உதவியோடு செய்கிறாரா, செய்யவே முடியவில்லையா என்று மட்டும் பார்த்தால் போதும். பயிற்சி பெற்ற ஒரு கிராம செவிலியர் அரை மணி நேரத்தில் வீட்டுக்கே வந்து போட்டுவிடலாம். இது ராக்கெட் விடுகிற வேலை இல்லை. இங்கிலாந்தில் 2013 முதல் வேலை செய்யும் வயதினருக்கு சமைப்பது, குளிப்பது, உடுத்துவது, நடப்பது என்று செயல்களுக்குப் புள்ளி போட்டுத்தான் உதவி தருகிறார்கள். அங்கேயும் தவறாக நிராகரிக்கிறார்கள், மக்கள் தீர்ப்பாயத்துக்குப் போய் ஜெயிக்கிறார்கள் என்பது வேறு கதை. ஆனால் கேட்கிற கேள்வி சரியான கேள்வி.

இனி காசுக் கணக்கு. வாட்ஸ்அப் குழு நண்பர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

மாநில அரசின் வருவாய்த் துறை வழியாகத் தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1000-லிருந்து 1500 ஆனது. அதே ஆண்டு ஆகஸ்டில் முதியோர் ஓய்வூதியம் 1200 ஆனது. சட்டத்தின் 24-ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிக்கான உதவி மற்றவர்களுக்கான அதே மாதிரித் திட்டத்தைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. 1200-ஓடு 25 சதவீதம் சேர்த்தால் சரியாக 1500. ஒரு ரூபாய் கூடவில்லை, குறையவில்லை. கணக்கு வாத்தியார் நூற்றுக்கு நூறு போடலாம். வயிறு போடாது. 1500 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 50. என் மாணவன் அடிபடுவதற்கு முன் வாங்கிய ஒரு நாள் கூலி 900. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

மத்திய அரசின் பங்கு மாதம் 300. 2012-ல் 200-லிருந்து 300 ஆனது, அதோடு நின்றது. பக்கத்து ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 6000, முழுவதுமாகப் படுக்கையில் இருப்போருக்கு 15000. அவர்கள் கஜானா நம்மைவிடப் பெரிதா?

நமக்கு எப்படி, நண்பர்களே? ஜனவரிக்கு ஒரு முறை, ஜூலைக்கு ஒரு முறை அகவிலைப்படி. இரண்டு மாதம் தள்ளிப்போனால் சங்கக் கூட்டம், கோரிக்கை மனு. தப்பில்லை, அது நம் உரிமை. நமக்கு ஏறுகிற விலைவாசி படுக்கையில் கிடப்பவனுக்கு மட்டும் ஏறாதா?

இன்னொன்றும் நினைவூட்டுகிறேன். இதே சட்டத்தின் 20-ஆவது பிரிவுப்படி, பணியில் இருக்கும் ஓர் அரசு ஊழியர் விபத்தில் முடங்கினால் அவரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது, பதவி இறக்கக்கூடாது. அந்த வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். இடமே இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி ஓய்வு வயது வரை வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடம் போகும் வழியில் நான் விழுந்திருந்தால் என் குடும்பம் அப்படிக் காப்பாற்றப்பட்டிருக்கும். யாரும் என்னிடம் கோணம் அளந்து 40 இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அரிசி வாங்க விட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டிய கொத்தனார் விழுந்தால் அவனுக்கு என்ன? மேஸ்திரி முதல் நாளே, "அவன் அன்னைக்கு வேலைக்கே வரலை" என்று சொல்லிவிட்டார். சம்பளச் சீட்டு கிடையாது, வருகைப் பதிவு கிடையாது. நாம் வாங்கினால் உரிமை, அவன் வாங்கினால் இலவசமா?

போலிச் சான்று? உண்டு. மறுக்கவில்லை. 2024-ல் மகாராஷ்டிரத்தில் பயிற்சியில் இருந்த ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி தவறான சான்று காட்டி ஒதுக்கீட்டில் நுழைந்தார் என்று எழுந்த புகாரை நாடே பேசியது. அதற்கு என்ன நடந்தது பாருங்கள். அந்த ஆண்டு அக்டோபரில் விதிகள் இறுக்கப்பட்டன. அடையாள அட்டை தர ஒரு மாதம் என்றிருந்த காலக்கெடு மூன்று மாதம் ஆனது. 40-க்குக் கீழே வெள்ளை அட்டை, 40 முதல் 80 வரை மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம் என்று நிறம் வந்தது. புகார் எழுந்தது குளிர்சாதன அறையில் இருந்தவர் மீது. கூடுதலாக இரண்டு மாதம் காத்திருப்பது தகரக் கொட்டகையில் இருப்பவன். போலி ரேஷன் கார்டு இருக்கிறது என்பதற்காக ஊருக்கே அரிசியை நிறுத்துவோமா? பொய் சொல்கிறவனைப் பிடிக்க வழி, எல்லோரையும் பொய்யன் என்று சந்தேகிப்பது அல்ல.

48 வந்த பிறகாவது பணம் வந்ததா என்று கேட்பீர்கள். சான்று என்பது வாசல்தான். அதற்குப் பிறகு இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார். வறுமையை நிரூபிக்க வேண்டும், ஆதரவில்லை என்று நிரூபிக்க வேண்டும். "பையன் இருக்கானே, பார்த்துக்க மாட்டானா?" என்று கேட்டார்கள். பையனுக்குப் பதினெட்டு வயது. பாலிடெக்னிக்கை விட்டுவிட்டு ஒரு கடையில் நிற்கிறான். அப்பாவுக்கு உதவி கிடைக்காததால்தான் பையன் வேலைக்குப் போனான். பையன் வேலைக்குப் போகிறான் என்பதால் அப்பாவுக்கு உதவி கிடைப்பது சிக்கலாகிறது. மனு இன்னும் நிலுவையில்.

ஆகவே என் கோரிக்கைகள். எல்லாக் கட்சிக்காரர்களும் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள், எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.

1. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன்பே அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தை அங்கேயே பதிய வேண்டும். எக்ஸ்ரேயும் அறுவைக் குறிப்பும் அங்கேதானே இருக்கின்றன. அதைத் தூக்கிக்கொண்டு நோயாளி ஏன் அலைய வேண்டும்?

2. காயம் ஆறி நிலை மாறாது என்று தெரிந்த பிறகுதான் நிரந்தரச் சான்று தருகிறார்கள். மருத்துவ ரீதியாக அது நியாயம். அந்த இடைப்பட்ட மாதங்களில் குடும்பம் எதைச் சாப்பிடும்? கடன்காரன் வருவதும் நகை அடகுக்குப் போவதும் அந்த மாதங்களில்தான். அதற்கு ஓர் இடைக்கால உதவித்தொகை வேண்டும்.

3. வழிகாட்டியில் இருக்கும் செயல்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, மார்க்கோடு எழுதிய தாளின் நகலை நோயாளியிடம் தர வேண்டும். விடைத்தாள் நகல் மாணவனுக்குக் கிடைக்கிற காலம் இது.

4. 74 வாங்கியவனுக்குப் பூஜ்யம், 75 வாங்கியவனுக்கு 2000 என்ற பள்ளம் கூடாது. படிப்படியாக உதவி இருக்கட்டும். தினசரி வாழ்க்கையில் இன்னொருவர் துணை வேண்டியிருப்பவருக்கு, சதவீதம் எதுவானாலும், துணைக்கான தொகை தனியாக வேண்டும். அதிக ஆதரவு தேவைப்படுவோர் விண்ணப்பிக்கலாம் என்று சட்டத்தின் 38-ஆவது பிரிவே சொல்கிறது. 40 சதவீதம் இருந்தாலே கேட்கலாம். எத்தனை பேருக்கு அது தெரியும்?

5. படுக்கையில் இருப்பவரை முகாமுக்குக் கொண்டுவரச் சொல்லக்கூடாது. முகாம் அவர் வீட்டுக்குப் போகட்டும்.

6. அகவிலைப்படி ஏறும்போதெல்லாம் இந்தத் தொகையும் ஏறட்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை சும்மா இருக்க முடியாது. வீட்டில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் இதைச் செய்யுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்துச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். தேதிவாரியாக ஒரு கோப்பில் வையுங்கள். வேலை செய்யும் இடத்தில் அடிபட்டிருந்தால் இழப்பீடு கேட்டுத் தொழிலாளர் துறையில் மனுப் போடுங்கள். காலக்கெடுவுக்குள் போட வேண்டும். மேஸ்திரி மறுத்தாலும் கூட வேலை செய்தவர்கள் சாட்சி சொல்லலாம்.

முகாமுக்குப் போகும் முன் ஒரு நோட்டில் ஒரு வாரத்துக்கு எழுதுங்கள்: இன்று எதைச் செய்ய முடியவில்லை, யார் தூக்கினார்கள், எத்தனை முறை. போகும்போது பார்த்துக்கொள்கிறவரையும் கூட்டிப் போங்கள். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று மருத்துவர் கேட்டால் நம் ஆட்கள் பழக்கதோஷத்தில் "நல்லா இருக்கேன் சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். கஷ்டத்தைச் சொல்ல வெட்கம். அங்கே வெட்கப்படாதீர்கள். கழிப்பறையில் உட்கார முடியவில்லை என்றால் அதையே சொல்லுங்கள். உட்கார, மண்டியிட, படி ஏறச் சோதிக்கும்படி மரியாதையாகக் கேளுங்கள்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கொடுக்க வேண்டும் என்பது விதி. மேல்முறையீடு செய்யுங்கள். 35 என்று வந்த தாளைப் பார்த்துவிட்டு விதி என்று வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

கடைசியாக, ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கு மனு எழுதத் தெரியும், அதிகாரியிடம் நின்று பேசத் தெரியும், காலையில் வேலையும் இல்லை. ஊருக்கு ஒருவர் மாதம் ஒரு நாள் அந்தக் கொட்டகையில் போய் உட்கார்ந்தால் போதும். விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கலாம், நோட்டைப் படித்துக் காட்டலாம், மேல்முறையீடு எழுதிக் கொடுக்கலாம். கைதட்டும் படம் போட்ட பதினாறு பேரில் நாலு பேர் என்னோடு வாருங்கள். அடுத்த முகாம் தேதி தெரிந்ததும் இங்கே போடுகிறேன். அங்கே வந்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் "சும்மா இருக்கிறவனெல்லாம் வாங்கித் தின்கிறான்" என்று தோன்றினால், அந்தச் செய்தியை மறுபடியும் பகிருங்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
ஓர் ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியர்

(பகிர விரும்புகிறவர்கள் தாராளமாகப் பகிரலாம். பெயர் போட வேண்டியதில்லை.)